பின்னாலிருந்து பார்த்த ஜப்பான் புத்தகம்

எனக்கு அறுபத்தெட்டு வயது. நான்கு பிள்ளைகளை ஒரே வீட்டில் வளர்த்தேன். கடைசி மகன் கோபித்துக்கொண்டு போனவன், இன்னும் வரவில்லை.

ஒரகடத்தில் ஜப்பான் இன்ஜினியர்கள் தங்கும் விடுதியில் அறை கூட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் மேஜையில் தலையணை கனத்தில் மாதப் புத்தகம் கிடந்தது. முழுக்கப் படக்கதை, நடுவே வீடியோ கேம் பக்கங்கள்.

"இன்னா ஆயா, ஜப்பான் பாஷை படிக்கிறியா?" என்றார் சமையல்காரர்.

"படம் பார்க்க பள்ளிக்கூடம் போவணுமா? போய் சாம்பாரைப் பாரு."

கதையில் ஒரு பையன் பனியில் நடந்து நடந்து வீட்டுக்கு வருவான். வாசலில் அம்மா கட்டிக்கொள்வாள். அந்தப் படத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது அறைக்காரர் வந்துவிட்டார். திட்டவில்லை. சிரித்தபடி புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டையிலிருந்து விரல் வைத்துக் காட்டினார். அவர்களுக்கு அதுதான் தொடக்கமாம். அப்படிப் பார்த்தால், பையன் அம்மாவை விட்டுப் போகிறான்.

என் கண் கலங்கியதைப் பார்த்தவர் கேம் பக்கத்தைப் பிரித்தார். அங்கேயும் அதே பையன். இரண்டு கட்டைவிரலையும் விளையாடுவதுபோல் ஆட்டி, மெதுவாக அவனை வீட்டுப் பக்கம் நடத்துவதாகக் காட்டினார். பிறகு புத்தகத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

இன்றும் அதை என் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறேன்.

நான் சொன்னதெல்லாம் எழுதிட்டியா கண்ணு? பாட்டிக்குப் படிச்சுக் காட்டு. கடைசி வரிலேர்ந்து படி. அப்பத்தான் முடியறப்போ நாலு பேரும் வூட்ல இருப்பாங்க.