நூலுக்கு மேலே என் கழுத்து

நூலோட ஒரு நுனியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, ஊர்ப் பொம்பளைங்க முகத்து முடியை எடுக்கிறதுதான் என் பொழைப்பு. ஜொகூர்ல, தம்போயில சின்னக் கடை. வாயில நூல் இல்லாத நேரமெல்லாம் அறிவுரைதான். மாசக்கணக்கு தப்பி, தாடையில முடி முளைச்சு, எடை ஏறி அவதிப்படுற என் இனத்தாரே, இது உங்களுக்குத்தான். எனக்கும் பிசிஓஎஸ், சினைப்பையில நீர்க்கட்டி. கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை.

இலவச ஆலோசனை

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போற கவிதா ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் தாடை முடி எடுக்க வருவா. மாசாமாசம் சரியா வருதா, ஸ்கேன் பார்த்தியா, டாக்டர்கிட்ட போக என்ன சோம்பேறித்தனம்னு அன்னிக்கு அவளைப் பிடிபிடின்னு பிடிச்சேன். நான் டாக்டரைப் பார்த்து மூணு வருஷமாச்சுங்கிறதை மட்டும் சொல்லலை. அவ கண்ணை மூடினபடியே சொன்னா: “அக்கா, நான் முடி எடுக்க வந்தேன் லா, கிளினிக்குக்கு வரலை.”

முடி வளர்ற எண்ணெய்

அதையும் கடையில விக்கிறேன். என் தலையிலயோ முடி கொட்டி வகிடு அகலமாயிடுச்சு. ஜொகூர் வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிப்பேன். ரெண்டு பேருக்கு நூல் பிடிச்சாலே அசந்து உட்கார்ந்திடுவேன். எல்லாத்துக்கும் சினைப்பையைத்தான் திட்டுவேன்.

ஒரு அம்மா பாட்டிலை எடுத்து, நீங்களும் இதைத்தான் தேய்க்கிறீங்களான்னு கேட்டாங்க. பெருமையா ஆமான்னேன். பாட்டிலை மெதுவா அலமாரியிலயே வச்சாங்க. “அப்ப எனக்கு வேணாம்மா.”

பாதிப் புருவம்

ரெங்கம் ஊர் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ஓய்வான சரோஜா அம்மா, மகளைப் பார்க்க வந்த இடத்துல புருவம் எடுக்க வந்தாங்க. எங்க தொழில்ல, சாய்ஞ்சு படுத்திருக்கிறவங்க கண்ணுக்கு நேரே எங்க கழுத்துதான் இருக்கும். ஒரு புருவம் முடிஞ்சதும் என் கையைப் பிடிச்சு நிறுத்தி, எச்சில் முழுங்கச் சொன்னாங்க. முழுங்கினேன். இன்னொரு தடவைன்னாங்க. கழுத்துல ஒரு வீக்கம் ஏறி இறங்குதாம். “சுத்திக் கண்ணாடி மாட்டி வச்சிருக்கியே, உன் கழுத்தை என்னிக்காவது பார்த்தியா?”

ரத்தப் பரிசோதனை

சரோஜா அம்மா விரட்டினதுல கிளினிக்குக்குப் போனேன். என் உடம்பே கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பியை எதிரின்னு நினைச்சு அடிக்குதாம்; முடி கொட்டினது, குளிர், அசதி எல்லாம் அதனாலதானாம். நீர்க்கட்டி இருக்கிறவங்களுக்கு இதுவும் சேர்ந்து வர்றது அதிகமாம். ஒண்ணு இருந்தா இன்னொண்ணையும் பார்க்கணுமாம். குழந்தைக்கும் இது குறுக்கே நிக்கலாம்னு சொன்னப்போ அங்கேயே அழுதுட்டேன். மூணு வருஷத்தை நானே வீணாக்கிட்டேனே. டாக்டரம்மா டிஷ்யூவை நீட்டினாங்க. “குழந்தைக்கு இன்னும் வழி இருக்கு. முதல்ல காலையில வெறும் வயித்துல மாத்திரையைப் போடுங்க.”

மறுபடியும் கவிதா

அடுத்த வாரம் அவ வந்து படுத்ததும், எச்சில் முழுங்குன்னேன். முழுங்கினா. ஒண்ணும் தெரியலை. ஆனாலும் என் கதையை முழுசாச் சொன்னேன், மூணு வருஷத்தையும் சேர்த்து. அவ கண்ணைத் திறந்து கேட்டா: “நீங்க போன கிளினிக் எது, அக்கா?”

ஆறு வருஷமா சினைப்பையைத் திட்டித் தீர்த்தேன், என் கழுத்து நல்ல பிள்ளை மாதிரி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு.