கிணற்றுத் தண்ணீரில் இளஞ்சிவப்பு

கற்பித்தல் புனிதமான தொழில் என்று பரிசளிப்பு விழாக்களில் முழங்குகிறவர்களில் ஒருவர்கூட வெண்கட்டித் துண்டுக்காகப் பக்கத்து வகுப்பில் போய் நின்றிருக்க மாட்டார். நின்றவர்கள் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் நான் இரசாயனவியல் படிப்பித்தேன். பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பு, குளிக்கிற சவர்க்காரத்தைக் கண்டால் கும்பிடலாம். அமிலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். துறைகளுக்கு மட்டும் எங்களிடம் தட்டுப்பாடு வந்ததே இல்லை.

தலைவரும் துறையும்

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு துறை, ஒவ்வொரு துறைக்கும் ஒரு பெயர்ப்பலகை. இரசாயனவியல் துறையில் நாங்கள் இரண்டு பேர். சிவஞானம் சேர் தலைவர், நான் துறை. சேர் இணுவிலில் இருந்து சைக்கிளில் வந்து இறங்கியதும் முதல் வேலையாகக் கைலேஞ்சியால் அந்தப் பலகையைத் துடைப்பார். அன்றைய வேலையில் பாதி அத்தோடு முடிந்துவிடும்.

வணிகத் துறையில் பிள்ளைகள் நிரம்பி வழிந்தார்கள். அவர்களுடைய தலைவர் அடிக்கடி எங்கள் ஆய்வுகூட வாசலில் வந்து நின்று, மேசைகளை எந்தப் பக்கம் தள்ளலாம் என்று கண்ணாலேயே அளந்துவிட்டுப் போவார். அமிலம் இல்லையென்று செய்முறை வகுப்பை நிறுத்தினால் அறை போய்விடும், அறை போனால் பலகையும் போய்விடும். சிவஞானம் சேருக்கு இரவில் நித்திரை வந்திருக்காது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மிஸ், செய்முறை நடக்கோணும். சாமான் இருக்கோ இல்லையோ எண்டது வேறை விசயம்."

மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர்

நியமிப்பு என்று ஒரு பரிசோதனை. மேலே கண்ணாடிக் குழாயில் காரம், கீழே குடுவையில் அமிலம், அதற்குள் காட்டி என்ற சாயத்தில் இரண்டு துளி. காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஏதோ ஒரு சொட்டில் குடுவை இளஞ்சிவப்பாகும். அந்தச் சொட்டோடு நிறுத்தி அளவை எழுத வேண்டும். இதுதான் உலக வழக்கம். எங்கள் வழக்கம், மேலே கிணற்றுத் தண்ணீர், கீழேயும் அதே கிணற்றுத் தண்ணீர்.

சேர் நடுவில் நின்று, "இப்ப சிவக்குது... நிப்பாட்டுங்கோ" என்பார். பிள்ளைகள் குழாயைப் பூட்டிவிட்டு, அமிலம் இருந்த காலத்து மாணவர்கள் எடுத்த அளவை மனப்பாடமாக எழுதுவார்கள். சொல்வழி கேட்பதில் எங்கள் பிள்ளைகளை அடிக்க ஆளில்லை. பருத்தித்துறையில் இருந்து வந்து படித்த ஒரு பெடியன் சேரிடம் நல்ல பெயர் எடுப்பதற்காக, தண்ணீர்க் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தான்: "சேர், என்ரை கொஞ்சம் கூடச் சிவந்திட்டுது. திரும்பச் செய்யட்டோ?"

பூ யாருடையது?

அந்த வகுப்பில் சிவக்காத குடுவை ஒன்றே ஒன்று. அது ஸ்ரெல்லாவினுடையது. குருநகர்ப் பிள்ளை. கடலுக்குப் போகத் தடை, தகப்பனின் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு ஆளை எடுத்துப் பழக்கப் போகிறார்கள் என்றும், இரசாயனவியல் செய்முறையில் சித்தி, அதாவது தேர்ச்சி, கட்டாயம் என்றும் கதை வந்திருந்தது. வீடே அவளுடைய சித்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது. "மிஸ், ஒருக்கா எண்டாலும் நிறம் மாறுறதை என்ரை கண்ணாலை பாக்கோணும்" என்றாள்.

நியாயமான ஆசை. தேசிக்காய் என்கிற எலுமிச்சையின் புளி அமிலம், சாம்பல் தண்ணீர் காரம், செவ்வரத்தம்பூ என்கிற செம்பருத்தியின் சாறு காட்டி. செலவில்லாத ஆய்வுகூடம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு, கல்லூரி வளவில் நின்ற ஒரே செவ்வரத்தையில் கை வைத்தேன். அது தாவரவியல் துறையின் யன்னலுக்கு முன்னால் நின்றதை நான் யோசிக்கவில்லை. தவமணி மிஸ் யன்னலுக்கால் தலையை நீட்டினார்: "செடியிலை நிக்குமட்டும் அது தாவரவியல். வாடி விழுந்தாப்பிறகு வந்து பொறுக்குங்கோ, உங்கடை துறைதான்."

பச்சை

அடுத்த நாள் ஸ்ரெல்லாவே யாரோ வீட்டு வேலியில் பூப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். தேசிக்காய்ப் புளிக்குள் சாறு விட்டதும் நல்ல சிவப்பு. சாம்பல் தண்ணீரை விட விட, அது மங்கி, ஒரு கட்டத்தில் பச்சையாக மாறியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினாள். படிப்பிக்க வந்ததற்கு அன்றுதான் எனக்கு மனம் நிறைந்தது.

சத்தம் கேட்டுச் சேர் வந்தார். குடுவையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "உதை ஊத்துங்கோ வெளியிலை. எங்கடை பாடத்திட்டத்திலை பச்சை இல்லை."

செய்முறையோடு செய்தி

எங்கள் துறை மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பற்றரி இல்லாத காலத்தில் கல்லூரி அதிபருக்கு மத்தியானச் செய்தி கேட்காவிட்டால் சோறு இறங்காது. பௌதிகவியல் துறையிடம் டைனமோ பூட்டிய சைக்கிள் ஒன்று இருந்தது. அதைக் கவிழ்த்து நிறுத்தி வானொலியோடு கம்பியைக் கொழுவி, முறை வைத்துப் பிள்ளைகளைப் பெடலைச் சுற்ற விட்டார்கள். பெயர் "மின்பிறப்பாக்கச் செய்முறை". செய்தி முடியும்வரை சுற்றினால் முழுப்புள்ளி. கை ஓய்ந்துபோன ஒரு பெடியன் கேட்டான்: "சேர், செய்தி நீண்ட நாளிலை சுத்தினவைக்கு மேலதிகப் புள்ளி இல்லையோ?"

சோதினை

செய்முறைப் பரீட்சை நாளிலும் அதே கிணறுதான். எல்லோரும் "இளஞ்சிவப்பு" என்று எழுதி, எல்லோரும் ஒரே அளவைப் போட்டார்கள். ஸ்ரெல்லா மட்டும், "நிறமாற்றம் அவதானிக்கப்படவில்லை. இரண்டும் தண்ணீர் போல் உள்ளன" என்று எழுதினாள். சேர் பூச்சியம் போட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குழாயை உடைத்திருப்பேன். துறையில் முழுதாக இருந்தது அது ஒன்றுதான் என்பதால் விட்டேன். அதிபரிடம் போனேன். அவர் தலையைச் சொறிந்தார். அவளுக்குப் புள்ளி கொடுத்தால் மற்ற எல்லோருக்கும் பூச்சியம் போட வேண்டும், பிறகு வணிகத் துறை மேசையோடு வந்துவிடும் என்றார். அது தண்ணீர்தானே என்று சேரிடமே கத்தினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "தண்ணி எண்டு எனக்குத் தெரியாதோ மிஸ்? எல்லாருக்கும் தெரிஞ்சதை எழுதுறதுக்குச் சோதினை எதுக்கு?"

ஆஸ்பத்திரியில்

சித்தி இல்லாமல் எப்படிப் போவது என்று ஸ்ரெல்லா அழுதாள். "கேட்டால் நடந்ததைச் சொல்லும், கலைச்சால் திரும்பி வாரும்" என்று நான்தான் தள்ளி அனுப்பினேன். பரிசோதனைக் கூடத்துப் பொறுப்பான டொக்டர் வந்த பிள்ளைகளை வரிசையாக இருத்தி, சோதினையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் நியமிப்பு என்றார்கள். என்ன நிறம் வந்தது? இளஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு.

ஸ்ரெல்லா, "நிறம் வரேல்லை டொக்டர். அது தண்ணி. அதாலை நான் பெயில்" என்றாளாம். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்தாராம். "ஒரு போத்தல் அசிட்டுக்கு நான் ஆஸ்பத்திரியிலை இருந்து நாயாய் அலையுறன், எனக்கே கிடைக்கேல்லை. உங்கடை கொலிச்சுக்கு எந்த வழியாலை வந்தது? நாளைக்கு ஒருத்தன்ரை ரத்தத்திலை இல்லாத நோயையும் இருக்கெண்டு எழுதுவியளோ? இந்தப் பிள்ளை நாளைக்கே வேலைக்கு வரட்டும்."

பரிசளிப்பு விழா

அந்த வருடப் பரிசளிப்பில் துறைத் தலைவர்கள் ஆளுக்கொரு சாதனை சொல்ல வேண்டியிருந்தது. தாவரவியல் செவ்வரத்தையைச் சொன்னது. சிவஞானம் சேர் ஸ்ரெல்லாவை எழுப்பி நிறுத்திக் கைதட்டச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள்; நான் கூரையைப் பார்த்தேன். சேர் ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசைவரைக்கும் கேட்கச் சொன்னார்: "இந்தப் பிள்ளை இண்டைக்கு ஆஸ்பத்திரியிலை வேலைக்கு நிக்கிறாவெண்டால், அதுக்கு எங்கடை செய்முறை வகுப்புத்தான் காரணம்!"

அந்தச் செய்முறையில் சித்தியடைந்த மற்ற எல்லோரையும் வணிகத் துறை சேர்த்துக்கொண்டது என்பதை மட்டும் சேர் சொல்ல மறந்துவிட்டார்.