மார்ஜீன் வளர்த்த பூச்சிகள்

விஸ்கான்சினில், ஒரு சீஸ் ஆலையை நம்பிப் பிழைக்கும் சின்ன ஊர் ஹோலுப் மில்ஸ். அங்கே நகராட்சி அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள் மார்ஜீன் டுஷெக். கழிவுநீர் நிலையத்து ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டபோது, "ரெண்டு வாரம் பாத்துக்கோ" என்று அவளை அனுப்பினார்கள். போனவள் இருபத்தாறு வருடமாகத் திரும்பவில்லை.

அவளைக் கட்டிப்போட்டவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை அவைதான். "என் பூச்சிங்க" என்பாள். அவை மூச்சுவிடத் தொட்டிக்குள் ஓயாமல் காற்று ஊத வேண்டும். அறுபது வயதான தொட்டி அது. காற்று ஊதும் இயந்திரத்தில் அவள் கைபடாத திருகு கிடையாது. பன்னிரண்டு வருடம் விடாமல் நச்சரித்த பிறகுதான் நகராட்சி இறங்கிவந்து பக்கத்திலேயே புதுத் தொட்டி கட்டியது.

மே முதல் வாரம். பூச்சிகளைப் புதுத் தொட்டிக்கு மாற்றும் பம்பு செவ்வாய்க்கிழமை வருவதாக ஏற்பாடு. ஞாயிறு காலை எட்டரைக்குப் பழைய இயந்திரம் கிறீச்சிட்டு நின்றது. இந்த முறை அவளாலும் அதை எழுப்ப முடியவில்லை.

பொறியாளர் கார்ல்டன் பிரைஸைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"விடுங்க மார்ஜீன். நகரத்துல இருந்து வேற பூச்சி கொண்டாந்து போட்டுக்கலாம். மூணு வாரத்துல பழகிடும்."

"அந்த மூணு வாரமும் ஊரு அழுக்கு ஆத்துக்குப் போகட்டுமா? சனிக்கிழமை மீன்பிடி சீசன் ஆரம்பிக்குது. உங்க நகரத்துப் பூச்சிக்கு சீஸ் ஆலைத் தண்ணி ஒத்துக்குமா? என்னுது அதைக் குடிச்சே வளந்தது."

வைத்துவிட்டு, மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் கொழுந்தன் ரோமனைக் கூப்பிட்டாள். அவன் தேவாலய வாசலில் நின்றிருந்தான்.

"ரோமன், உன் சாணி டேங்கரை எடுத்துட்டு வா. நல்லா கழுவிட்டு வா."

"பூசை ஆரம்பிக்கப் போகுது அண்ணி."

"சாமி இருக்கும். என் பூச்சி மத்தியானம் வரைக்கும் தாங்காது."

பத்து மணிக்குள் டேங்கர் பூட்டிய ஏழு டிராக்டர்கள் வாசலில் நின்றன. ரோமன் பாதி தேவாலயத்தையே திரட்டி வந்திருந்தான். பூசைக்குக் கட்டிய டையைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை. மார்ஜீன் ஒரு டேங்கருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"கழுவுனியா ஸ்டான்லி?"

"என் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படித் தேய்ச்சுக் குளிச்சதில்ல."

பழைய தொட்டியில் உறிஞ்சி, திரும்பி, புதுத் தொட்டியில் கொட்டினார்கள். மாற்றி மாற்றி மூன்று மணி நேரத்துக்கு மேல். தகவல் கேட்டு ஓடிவந்த கார்ல்டனும் ஷூ பாழாகக் குழாய் பிடித்தான். ஒன்றரை மணிக்கு மார்ஜீன் புது இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினாள். அடியில் லேசாக ஒரு முனகல்; பிறகு தொட்டி முழுக்கக் குமிழிகள் பொங்கி வந்தன.

ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை; ஐந்து மணி நேரம் காற்றில்லாமல் கிடந்தவை பிழைத்தனவா என்று தெரியாது. ஒரு மணி நேரம் பொறுத்து, ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். முதலில் அசைவில்லாத பழுப்புத் திட்டுகள். கண்ணாடித் தகட்டை நகர்த்தினாள். மெல்லிய தண்டின் மேல் சின்ன மணி போல ஓர் உயிர். அது சட்டென்று சுருங்கி, மெல்ல விரிந்து, விளிம்பு மயிர்களைச் சுழற்றி இரை தேடத் தொடங்கியது. பக்கத்திலேயே இன்னொன்று. அப்புறம் ஒரு கொத்தே ஆடிற்று.

"இருக்குதுங்க" என்றாள். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள்.

பார்க்க வரிசை கட்டினார்கள். ரோமன் இடத்தைவிட்டு நகரவேயில்லை.

"இத்தனை வருசமா இதுங்களா அண்ணி வேலை பாத்துச்சு? ஞாயித்துக்கிழமை லீவுகூட கிடையாதா?"

"உன் மாடுங்களுக்கு மட்டும் இருக்கா?"

மூன்றரைக்கு யாரோ வீட்டிலிருந்து அடுப்பும் சாஸேஜும் கொண்டுவந்தார்கள். புதுத் தொட்டிக்கு எதிரே புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அதைக் கவனித்தவள் மார்ஜீன் ஒருத்திதான். அவள் கடுகு கேட்டு வாங்கி, இரண்டாவது ரொட்டியைப் பிளந்தாள்.