பதிவேட்டில் இருந்த ரஸ்மா

லியேபாயா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் என் பக்கத்தில் நின்று விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவளை நான் ராயா என்றுதான் கூப்பிட்டேன். காகிதத்தில் ரயீசா பெத்ரோவா. ரஷ்யாவில் பிஸ்கோவ் பக்கம் பிறந்தவள். ஆனால் எங்கள் லாத்விய மொழியை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவாள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கேள்வி கேட்பது உடம்புக்கு நல்லதில்லை.

சோவியத் ஆட்சி போய் நாடு திரும்பக் கிடைத்ததும் அது எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது ஜூனில், சோவியத் படை உள்ளே வந்தபோது, நீயோ உன் முன்னோரோ இந்த நாட்டின் குடிமக்களா? ஆம் என்றால் முத்திரை. இல்லையென்றால் காத்திரு, உனக்கான சட்டம் இனிமேல்தான் வரும். என் அப்பாவின் பழைய கடவுச்சீட்டு கம்பளித் துணிப் பெட்டியில் அந்துருண்டைகளோடு கிடந்தது. பத்து நிமிடத்தில் நான் குடிமகள். நாட்டுக்காக நான் அப்படி என்ன கிழித்துவிட்டேன் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"வெல்தா, நான் ராயா இல்லடி. ரஸ்மா. ரஸ்மா கிரீன்வால்டே. இங்க பக்கத்துல ஐஸ்புதெயில பொறந்தவ."

"முப்பது வருஷமா எங்கிட்டயே மறைச்சியா?"

"உங்கிட்ட மட்டுமா?"

அவளுடைய அப்பா நாற்பத்து நாலில், சோவியத் படை மறுபடி வந்தபோது, படகேறி சுவீடனுக்குப் போய்விட்டார். ஓடிப்போனவன் குடும்பம் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்பது அம்மா ஒத்தீலியாவுக்குத் தெரியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு லியேபாயாவுக்கு வந்தாள்; ரஷ்யாவிலிருந்து வருகிறேன், காகிதமெல்லாம் குண்டுவீச்சில் எரிந்துவிட்டது என்றாள். ஒத்தீலியா ஓல்கா ஆனாள், ரஸ்மா ரயீசா ஆனாள். அவள் வளரும்வரை வாசல்படிக்கு உள்ளே லாத்விய மொழி, வெளியே ரஷ்ய மொழி. அந்த அம்மா பொய்யை அவ்வளவு நறுவிசாகத் தைத்திருந்தாள். செத்துப் பத்து வருடமாகியும் ஒரு தையல்கூட விடவில்லை.

குடியுரிமை அலுவலகத்தில் நாலு நாள் காலையில் வரிசையில் நின்றோம். ஐந்தாம் நாள் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்த சின்னப்பெண் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னாள். இரண்டு மாதம் கழித்துப் போனோம். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ரஸ்மா கிரீன்வால்டே பதிவு கிடைச்சிருச்சும்மா. முப்பத்தொன்பதுல பொறந்திருக்காங்க. அம்மா அப்பா ரெண்டு பேரும் குடிமக்கள். ஒரு சிக்கலும் இல்ல. அவங்கள வரச் சொல்லுங்க, முத்திரை குத்திடலாம்."

"நான்தாம்மா அது."

"நீங்க ரயீசா பெத்ரோவா. இதோ, உங்க கடவுச்சீட்டுலயே இருக்கே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஜன்னலைப் பெயர்த்திருப்பேன். அந்தப் பெண்ணைச் சொல்லியும் குற்றமில்லை. இரண்டு பேரும் ஒருத்திதான் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும், அதற்குச் சாட்சி வேண்டும் என்றாள். ஐஸ்புதெக்குப் போய் அவர்கள் தெருவில் கதவு கதவாகத் தட்டினோம். பழைய ஆட்களில் கொஞ்சம் பேர் படகில் போயிருந்தார்கள், கொஞ்சம் பேர் சைபீரியா ரயிலில். மிச்சம் கல்லறையில். ஜூனில் தேர்தல் வந்தது; குடிமக்களுக்கு மட்டும்தான் வாக்கு. நான் வாக்களித்துவிட்டு வேலைக்கு வந்தேன். அவள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "கூட்டமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகஸ்டில்தான் தெரிந்தது, அந்தத் தெருக்காரி ஒருத்தி எங்கள் ஊரிலேயே, டிராமின் கடைசி நிறுத்தத்தில் இருக்கிறாள் என்று. பெயர் அல்வீனா, வயது எண்பத்திரண்டு. போனோம். கதவுச் சங்கிலியை எடுக்காமலே விஷயத்தைக் கேட்டாள்.

"ஒத்தீலியா பொண்ணா? உங்கம்மா இந்த ஊரு பீட்டர் சந்தையில அத்தனை பேருக்கு முன்னாடி என்னைப் பாத்து, யாருன்னே தெரியாதுன்னா. ரஷ்ய மொழியில சொன்னா. அதே பதில்தான் இப்ப எனக்கும். எனக்கு உங்களத் தெரியாது."

கதவைச் சாத்திவிட்டாள். நான் கையை ஓங்கித் தட்டப் போனேன். ரஸ்மா தடுத்தாள். சாத்திய கதவிடம், களைத்துப்போன குரலில், அவள் பாட்டுக்குப் பேசினாள்.

"பீட்டர் சந்தையிலயா? அங்கதான் எங்கம்மா என்னை அறைஞ்சாங்க. ஆயுசுல ஒரே தடவை. ஏழு வயசு எனக்கு. ஏன்னு கடைசி வரைக்கும் சொல்லல. ஏதாவது தின்பண்டம் கேட்டிருப்பேன்."

படியிறங்கத் தொடங்கினோம். பின்னால் சங்கிலி விழும் சத்தம்.

"வழக்கு என்னைக்கு?"

அக்டோபரில், நீதிமன்ற அறையில் கணப்பு அடுப்பு மூட்டியிருக்கவில்லை. அல்வீனா மேலங்கியோடு நின்றாள். அரைமணி நேரத்தில் மூன்று முறை கொட்டாவி விட்ட நீதிபதி கேட்டார்: "அம்மா, அந்த ஓல்கா உங்களைத் தெரியாதுன்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் அவங்கதான் ஒத்தீலியான்னு எப்படிச் சொல்றீங்க?"

"அவ சொன்னா. குழந்தை சொல்லலையே! ஒத்தீலியான்னு கூப்பிட்டுக்கிட்டே நான் கிட்டப் போனேன். அவ முகம் சுண்ணாம்பா வெளுத்துப்போச்சு. கையைப் புடிச்சுக்கிட்டு நின்ன குட்டி என்னைப் பாத்துச் சிரிச்சு, 'வணக்கம், அல்வீனா அத்தை'ன்னு நம்ம மொழியில சொல்லுச்சு. உடனே பளார்னு ஒரு அறை. முன்னப்பின்ன தெரியாதவளுக்கு வணக்கம் சொன்னா எந்தத் தாயாவது அறைவாளா, ஐயா?"

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார்.

"நான் திரும்பிப் பாக்காம நடந்துட்டேன். பதில் சொன்னா அவங்க ரெண்டு பேரும் தொலைஞ்சாங்கன்னு புரிஞ்சுது. நான் பேரை மாத்திக்கல. நாப்பத்தொன்பதுல என்னை சைபீரியாவுக்கு ரயிலேத்துனாங்க. புரிஞ்சாலும் கோவம் போகல, ஐயா. ரெண்டும் சேந்தே இருக்கும்."

ரஸ்மாவைப் பார்த்தேன். அவள் அழவில்லை. நாற்பத்தேழு வருடக் கணக்கு ஒன்று அப்போதுதான் நேரானதுபோல் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அன்றே தீர்ப்பு வந்தது. இனித் தீர்ப்புக் காகிதத்துக்கு ஒரு வரிசை, முத்திரைக்கு ஒரு வரிசை. எங்கள் இரண்டு பேருக்கும் மகிழ்ச்சி என்று சொல்லிக்கொள்ளத் தெம்பில்லை. வெளியே டிராம் நிறுத்தத்தில் அல்வீனா கைத்தடியோடு தனியாக நின்றிருந்தாள். ரஸ்மா அவள் முன்னால் போய் நின்றாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

"வணக்கம், அல்வீனா அத்தை" என்றாள்.

கிழவி இரண்டு பக்கமும் பார்த்தாள். பழைய பழக்கம். பிறகு சொன்னாள்: "வணக்கம், ரஸ்மா."