என் பெயரில் ஒருவர் இட்ட சோறு

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.40. பினாங்கு விமான நிலையத்தில் இறங்கியபோது என் கைப்பையில் மூன்று பொருள்கள் இருந்தன. என் தம்பி கணேசனின் படம் ஒன்று, புது வேட்டி ஒன்று, மணப்பாறை முறுக்கு இரண்டு கிலோ. திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வந்து விமானம் மாறும் இடத்தில் ஓர் அதிகாரி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வெகுநேரம் முகர்ந்து பார்த்தார். ஒன்றை எடுத்துக் கடித்துவிடுவார் என்றே நினைத்தேன். நல்லவர், திருப்பித் தந்துவிட்டார்.

அங்கிருந்து ஜார்ஜ் டவுன் பதினாறு கிலோமீட்டர். நகரப் பேருந்தில் இரண்டு வெள்ளி எழுபது காசு. ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா'வும் போடுகிறார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு விடுதி, நாளுக்கு எழுபத்தைந்து வெள்ளி. அறை சின்னது. சன்னலைத் திறந்தால் மசாலா வாசனை, மூடினால் வெக்கை. நான் வாசனையோடு இருந்துகொண்டேன்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கணேசன் கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் உள்ள மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொரோனா காலத்தில் எல்லைகள் மூடிக்கிடந்தபோது மாரடைப்பு வந்து போய்விட்டான். என்னால் வர முடியவில்லை. அண்ணன் நான் உயிரோடு இருக்க, அவனோடு வேலை பார்த்த சுப்ரா என்பவர் கொள்ளி வைத்தார். அதை உறையூரில் கட்டிலில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தேன். நடுவில் இரண்டு முறை படம் நின்றுபோனது.

சுப்ராவிடம் அன்று "ரொம்ப நன்றி தம்பி" என்றேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் பேசவில்லை. எண் இருந்தது. வெட்கம் விடவில்லை. இந்த வருஷமாவது அவன் இறந்த ஊரிலேயே திதியன்று நாலு பேருக்குச் சோறு போடுவது, அந்தத் தைரியத்தில் சுப்ராவைப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஜார்ஜ் டவுனில் ஒரு முதியோர் இல்லம் உண்டு. லீவு நாள்களில் அங்கே போய் மின்விசிறி பழுது பார்ப்பதாகக் கணேசன் சொல்லியிருக்கிறான். சோறு போடுவதென்றால் அங்கேதான்.

புதன்கிழமை, காலை 9.10. இல்லத்தின் பொறுப்பாளர் ராஜேஸ்வரி அம்மாள் ஒரு தடித்த நாட்குறிப்பைப் புரட்டினார்.

"வியாழக்கிழமை மத்தியானமா? அது புக் ஆயிருச்சு லா ஐயா. வெள்ளிக்கிழமை சும்மாதான் இருக்கு, எடுத்துக்கிறீங்களா?"

"திதி வியாழக்கிழமைம்மா. வெள்ளிக்கிழமை போட்டா அவனுக்கு எப்படிப் போய்ச் சேரும்?"

"அப்பன்னா காலையில பசியாற ஏதாச்சும் கொடுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடல் தாண்டி வந்தது இட்லிக்கா? பதிவு செய்தவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள முடியாதா என்றேன்.

"ம்ஹூம், அவுரு ரெகுலர் ஆளு. வருஷா வருஷம் திதி பாத்துச் சொல்லிருவாரு. பாவம், தம்பி இங்க தவறிட்டாராம், வர முடியலயாம். நாலு வருஷமா ஊர்லேருந்தே அனுப்புறாரு."

"எந்த ஊர்?"

"திருச்சி. பேரு... ராமநாதன்."

"அம்மா, ராமநாதன் நான்தான்."

"அட! முதல்லயே சொல்லக்கூடாதா? அப்புறம் எதுக்கு மறுபடியும் புக் பண்ண வந்தீங்க?"

சாப்பாட்டைக் கொண்டுவருவது யார் என்று மட்டும் கேட்டேன். சுப்ரா என்றார். நான் அனுப்பவில்லை, ஒரு வெள்ளிகூட அனுப்பவில்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. அந்த அம்மாள் கைகூப்பினார், நானும் கூப்பிவிட்டு வெளியே வந்தேன். முப்பத்தெட்டு வருஷம் தபால்காரனாக இருந்து, அடுத்தவர் பெயருக்கு வந்த ஒரு கடிதத்தைக்கூட நான் பிரித்ததில்லை. அன்று அடுத்தவர் புண்ணியத்தை வாய்மூடி வாங்கிக்கொண்டேன்.

காலை 11.30. படகுத்துறைக்கு நடந்தே போய்விட்டேன். கால் மணி நேரத்தில் அக்கரை. அங்கிருந்து வாடகைக் காரில் மாக் மண்டின், எட்டு வெள்ளி. வரிசையாகத் தகரக் கூரைப் பட்டறைகள், இரும்பு அறுக்கும் சத்தம். நான்காவது பட்டறையில் கேட்டபோது, கையில் கிரீஸோடு நாற்பது வயதுக்காரர் ஒருவர் நிமிர்ந்தார். கைப்பேசியில் கொள்ளிச்சட்டியோடு பார்த்த அதே முகம்.

"அண்ணே!" என்றார் சுப்ரா. நான் பெயர்கூடச் சொல்லவில்லை. "அப்படியே கணேசன் மூக்கு."

மேசையில் நெஸ்லோ வந்தது, காப்பியும் சாக்லேட் மாவும் கலந்த பானம். குடிக்கத் தோன்றவில்லை. "ஏம்ப்பா என் பேர்ல போட்டே?" என்று கேட்டேன். நன்றி சொல்ல வந்தவன் சண்டைக்கு வந்தவன் மாதிரிதான் கேட்டேன்.

சுப்ரா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அன்னிக்குப் பூசாரி கேட்டாரு அண்ணே, யாரு பேர்ல செய்யணும்னு. உங்க பேரைச் சொல்லித்தான் கொள்ளி வச்சேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? கொள்ளிய உங்க பேர்ல வச்சிட்டுத் திதிய மட்டும் என் பேர்ல போட்டா எப்படி? கணேசனுக்குக் கொழம்பிரும் லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டறையில் மூன்று பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இனிமே நீங்களே பாத்துக்குங்க அண்ணே. நான் சும்மா உங்களுக்குப் பதிலா நின்னேன், அவ்வளவுதான்," என்றார். "நாளைக்கு அங்க ஒண்ணும் சொல்லிக்காதீங்க. அவங்களுக்கு நீங்கதான் குடுக்குறீங்கன்னு ஒரு சந்தோஷம்." வேட்டியைக் கொடுத்தேன். முறுக்கை அங்கேயே பிரித்துப் பட்டறை முழுக்கப் பங்கிட்டார். திரும்பும் படகில் கட்டணம் இரண்டு வெள்ளி. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியை நாலைந்து தடவை துடைத்தேன்.

வியாழக்கிழமை, பகல் 12.15. சுப்ரா வேனில் சாப்பாடு கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் மீ கோரெங்! திதிக்கு நூடுல்ஸா என்று என் உறையூர் நாக்கு கேட்டேவிட்டது.

"முட்ட இல்ல, எறா இல்ல, சுத்த சைவம். கணேசனுக்கு இது இருந்தா போதும்ணே," என்றார். "வடையும் இருக்கு, பயப்படாதீங்க." மீ கோரெங்கில் கணேசனுக்கு உயிர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அங்கே ஒரு வழக்கம். சாப்பிடும் முன் கொடுப்பவர் முன்னால் நின்று இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும், எல்லோரும் ஒரு நிமிடம் கும்பிடுவார்கள். முப்பது பேர் இருந்தார்கள். தமிழர், சீனர் என்று எல்லாரும். ராஜேஸ்வரி அம்மாள் என்னைக் கைகாட்டி, "நாலு வருஷமா அனுப்புற அண்ணன், இன்னிக்கு நேர்லயே வந்துட்டாரு," என்றார். கைதட்டினார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு தாத்தா என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. சுப்ரா கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை.

"என் தம்பி பேரு கணேசன்," என்றேன். "இந்த நாலு வருஷத்துல நான் ஒரு வேளைச் சோறுகூட அனுப்பல. அனுப்பினது, சமைச்சது, சுமந்தது எல்லாம் இவர்தான். என் மானத்தைக் காப்பாத்த என் பேரைச் சொல்லியிருக்கார்."

சுப்ரா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தாத்தா என் கையை விடவே இல்லை. "அதான் வந்துட்டீங்கல்ல," என்றார். "ரெண்டு பேரும் சேந்து போடுங்க. மீ ஆறிப் போவுது."

அப்படியே செய்தோம். சுப்ரா பரிமாறினார், நான் வடை வைத்துக்கொண்டே போனேன். கடைசியில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். மீ கோரெங் காரம்தான், ஆனால் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். அன்று எனக்கு இருந்த நிறைவு, கடவுளுக்கும் சுப்ராவுக்கும்தான் தெரியும்.

ஊரில் நான்கு வருஷமாக ஐயரை வைத்து, காக்கைக்குச் சோறு வைத்து, குறையில்லாமல் திதி கொடுத்தவன் நான். காக்கையும் தவறாமல் வந்தது. ஆனாலும் எழுந்து கை கழுவும்போது மனசு கனமாகத்தான் இருக்கும். ஜார்ஜ் டவுனில் கை கழுவியபோது அந்தக் கனம் இல்லை.

வெள்ளிக்கிழமை, காலை 8.20. விமான நிலையத்துக்கு வாடகைக் கார், இருபத்தைந்து வெள்ளி. ஓட்டியவர் தமிழ் இளைஞர், வாய் ஓயாதவர்.

"சுத்திப் பாக்க வந்தீங்களா அங்கிள்? கொடிமலை போனீங்களா?"

"இல்லப்பா. தம்பியைப் பார்க்க வந்தேன்."

"ஓ, இங்கதான் இருக்காரா? எங்க வேலை?"

"மாக் மண்டின்ல, ஒரு பட்டறையில."

"பேரென்னா அங்கிள்? அந்தப் பக்கம் எனக்கு நெறைய ஆளு தெரியும்."

"சுப்ரா," என்றேன்.