வீட்டுக்கு மூன்றாவது ஆள்

என் வேலையே சந்தேகப்படுவதுதான். சோமனூர்த் தறிகளிலிருந்து வரும் துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, எங்கே இழை அறுந்திருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை பட்டிருக்கிறது என்று பார்த்துத் தள்ளும் பிரிவில் இருக்கிறேன். அந்தப் புத்தியைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வர எனக்குத் தெரியாது. காய்கறிக்காரர் தராசை எடுத்தால் என் கண் தட்டுக்கு அடியில் போகும்.

அப்படிப்பட்டவனிடம் என் மனைவி ஒரு நாள், "நாம ரெண்டு பேரும் போயிட்டா பாப்பாவுக்கு யாருங்க?" என்று கேட்டாள். அவள் பிறந்த ஊரான தாராபுரத்துக்குப் போய்விட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பல்லடத்துக்கு முன்னால் ஒரு லாரி எங்கள் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. பின்சீட்டில் நான்கு வயது மகள் ஒன்றும் தெரியாமல் தூங்கினாள்.

எங்களுக்கென்று இருப்பது ஒரே வீடு, இரண்டு பேர் பெயரிலும். அது எப்படியும் மகளுக்குப் போய்ச் சேர வேண்டும். உயில் எழுதுவதா, ட்ரஸ்ட் போடுவதா என்று விசாரிக்க ஆரம்பித்ததும் உறவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இவர்களுக்கெல்லாம் ஏன் திடீரென்று இவ்வளவு அக்கறை? மைத்துனர் போனில், "உயிலே போதுமுங்க மாப்ள. நாங்க பாத்துக்கறோம்" என்றார். பார்த்துக்கொள்வது பிள்ளையையா, வீட்டையா?

காரமடையிலிருந்து என் அண்ணன் நேரிலேயே வந்துவிட்டார். காபி ஆறிக்கொண்டிருக்க, மொட்டைமாடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கி, "மேல இன்னொரு ஊடு எடுக்கலாமாட்ட இருக்குதே" என்றார். அண்ணி தவறிப்போன பிறகு மகனோடு தனியாக இருக்கும் மனிதர். அவருக்கு எதற்கு என் மாடியில் கண் என்று அவர் போனதும் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

வக்கீல் எங்கள் சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருக்கும் அம்மா. ட்ரஸ்டுக்கு ஃபீஸ் கூட, அதைத்தான் தலையில் கட்டப் பார்ப்பார் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவரோ, "சின்னக் குடும்பம், உயிலே போதுமுங்க" என்றார். வருகிற வரும்படியை ஒரு வக்கீல் ஏன் வேண்டாம் என்கிறார் என்று அதுவும் உறுத்தியது.

அவர் சொன்ன ஏற்பாடு எளிமையானது. என் பாதியை மனைவிக்கு நான் எழுத வேண்டும், தன் பாதியை எனக்கு அவள் எழுத வேண்டும். கடைசியில் மிஞ்சுகிறவரின் உயில்படி மொத்தமும் மகளுக்கு. எனக்குப் பிடித்துவிட்டது. அண்ணன், மைத்துனர் யாரும் கிட்டேயே வர முடியாது.

"ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறேனுங்க" என்றார் வக்கீலம்மா. "நம்ம கிறிஸ்தவங்களுக்கு ஒரு சட்டம் இருக்குதுங்க. ஒருத்தரு போயி, இருக்கறவங்க மறுபடி கல்யாணம் பண்ணுனா, அவங்க முன்ன எழுதுன உயிலு அந்தக் கல்யாணத்தோட ரத்தாயிருமுங்க. மறக்காம புதுசா எழுதிக்கோணும்."

"எழுதாம உட்டா?" என்று மனைவி கேட்டாள்.

"வர்றவங்களுக்கும் பங்கு போகுமுங்க. அவங்களுக்குப் பொறக்கற குழந்தைகளுக்கும்."

நான் சிரித்தேன். "இந்த மூஞ்சிக்கு ரெண்டாவது கல்யாணம் வேறயாக்கும்!" வக்கீலம்மாவும் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை.

"ட்ரஸ்டுல வெச்சா?"

"இப்பவே வெச்சுட்டீங்கன்னா வீடு பாப்பாவுக்குன்னே நிக்குமுங்க. யாரு கல்யாணம் பண்ணுனாலும் அதைத் தொடாது. ஆனா இருக்கறவங்க தன்னால விக்க முடியாதபடி, உங்க ரெண்டு பேரோட மூணாவதா ஒருத்தர் பொறுப்புல இருக்கோணும்."

"இவங்க அண்ணனைப் போடுங்க்கா" என்றாள். யோசிக்கக்கூட இல்லை. "அவரு சம்சாரம் போனப்பறம் எத்தனையோ பேரு பொண்ணு சொன்னாங்க. பையனுக்குப் பங்காளி வேண்டாம்னு இருந்துட்டாருங்க."

ஊரையே சலித்துச் சலித்துப் பார்த்தவன் நான். வாயே திறக்காமல் இவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவள் பார்வையில் என் அண்ணன் தேறிவிட்டார், நான் தேறவில்லை. அவமானமாக இருந்தது.

திரும்பும் வழியில் காந்திபுரம் சிக்னலில் கார் நிற்கும்போது அவளிடம் கேட்டேவிட்டேன். "நான் மறுபடி கட்டிக்குவேன்னே முடிவு பண்ணிட்டியா?"

"நீங்க வேண்டாம்னாலும் நம்ம ஜனங்க உடுவாங்களாக்கும்? சின்னப் புள்ளையை வெச்சுட்டுத் தனியா என்ன பண்ணுவீங்கன்னு புடிச்சுக் கட்டி வெச்சுப்போடுவாங்க. நீங்களும் பாப்பாவுக்காகன்னு தலையாட்டுவீங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சொன்னது சரிதான் என்று எனக்கே தெரிந்தது. அந்த எரிச்சலில், "நான் போயிட்டா நீ மட்டும் அப்படியே இருந்துருவியா?" என்றேன்.

இருந்துவிடுவேன் என்று சொல்வாள் என்றுதான் காத்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தெரியலைங்க. பண்ணுனாலும் பண்ணுவேன். அதுக்குத்தான் என்ற பாதியையும் ட்ரஸ்டுல சேத்தறேன்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். எப்படி வீடு போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. என் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, என் மகளிடம் டிவி ரிமோட்டைக் கேட்கும் ஓர் ஆள் கண்ணிலேயே நின்றான். அவன் முகம்கூடத் தெரியவில்லை. ஆனால் அவன்மேல் வந்த ஆத்திரம் எனக்கு அதுவரை யார்மேலும் வந்ததில்லை.

ட்ரஸ்ட் பத்திரம் தயாரானதும், வக்கீலம்மா அலுவலகத்தில் மனைவியும் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு வரி விடாமல் படித்தேன். விற்கக் கூடாது, சரி. அடமானம் வைக்கக் கூடாது, சரி. மூன்றாம் பக்கத்தில், உயிரோடிருக்கும் துணை மறுமணம் செய்துகொண்டாலும் மகளுடன் அதே வீட்டில் குடியிருக்கலாம் என்று எழுதியிருந்தது. அங்கே அந்த ஆள் நுழைந்துவிட்டான்.

"இதை அடிச்சுப்போடுங்க" என்றேன்.

மனைவி எட்டி அந்த வரியைப் படித்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. "அடிச்சுட்டா நான் மறுபடி கட்டுனதும் வெளிய போகோணுமுங்க. அப்பறம் பாப்பா அந்த ஊட்டுல யாருகூட இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வரி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.