எழுபத்தாறுக்கு நான் போட்ட மைனஸ்

நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. அமெரிக்கர்கள் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அவர்களுடைய கால்பந்தாட்டத்தை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஆட்டக்காரர்களுக்கு மதிப்பெண் போடுவதுதான் எங்கள் வேலை. அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆடுவார்கள். திங்கட்கிழமை காலையில் வீடியோ எங்களுக்கு வந்துவிடும்.

எனக்குக் கொடுத்திருந்தது ஒரு அணியின் முன்வரிசை ஐந்து பேரை. பந்தை எறிகிறவனுக்கு முன்னால் நின்று, பாய்ந்து வரும் எதிரணிக்காரர்கள் அவனை நெருங்காமல் தடுக்க வேண்டியவர்கள். ஓர் ஆட்டத்தில் அறுபது, எழுபது தடவை மோதுவார்கள். தடுத்தால் ப்ளஸ், விட்டால் மைனஸ், இரண்டுமில்லாவிட்டால் பூச்சியம். அவர்கள் நன்றாக ஆடினால் யாரும் அவர்களைக் கவனிப்பதில்லை. பந்து எறிகிறவன் விழுந்தால் மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஐந்து பேரில் மூன்று பேர் அந்த வருஷம்தான் சேர்ந்தவர்கள். இடது ஓரத்தில் நின்றவனுடைய சட்டை எண் எழுபத்தாறு. என்னைவிட நான்கு வயது இளையவன். முதல் ஆட்டங்களில் தன் கால் தனக்கே தடுக்கி விழுவான். வாரம் போகப் போக, எதிராளி தொடுவதற்கு முன்பே அவன் நெஞ்சில் கையை ஊன்றக் கற்றுக்கொண்டான். 'பின்கால் இன்னும் தாமதம், ஆனால் போன வாரத்தைவிட மேல்' என்று குறிப்பில் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வரும் அம்மா, "ஒங்க தடியனுங்க இந்த வாரமாவது ஜெயிச்சாங்களா?" என்று கேட்பார். பெரும்பாலும் தோற்றிருப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை வந்த வீடியோவில், எழுபத்தாறு காக்க வேண்டிய பக்கமாக ஒருவன் தடையில்லாமல் உள்ளே வந்து, பந்து எறிகிறவனை இடித்துத் தள்ளினான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. தோளைப் பிடித்தபடி கிடந்தவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் காட்சியை நான் எட்டுத் தடவை ஓட்டிப் பார்த்தேன். எழுபத்தாறு தன் ஆளை விட்டுவிட்டான் என்பது தெளிவாகத் தெரிந்தது. மைனஸ் போட்டேன். எங்கள் குறிகளை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். எனக்குச் சரிபார்ப்பவள் பக்கத்து மேசைத் தோழி, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அவளும் பார்த்துவிட்டுச் சரி என்றாள். மாலையில் அறிக்கை அந்த அணிக்குப் போய்விட்டது.

புதன்கிழமை வேறொன்றைத் தேடும்போது, அதே காட்சியைப் பின்பக்கக் கேமராவில் பார்க்க நேர்ந்தது. எதிரணியின் இரண்டு பேர் ஓடி வரும்போதே ஒருவருக்கொருவர் இடம் மாறியிருந்தார்கள். அப்படி மாறினால் தடுக்கிறவர்களும் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். எழுபத்தாறு சரியாக மாறித் தன் பக்கம் வந்த புதியவனைப் பிடித்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவன்தான் மாறாமல் பழைய ஆளோடேயே ஒட்டிக்கொண்டிருந்தான். நடுவில் திறந்த வழியில்தான், எழுபத்தாறு அவனிடம் விட்டுக்கொடுத்த ஆள் புகுந்திருந்தான்.

தோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டு தடவை பார்த்தாள்.

"ஆமா, தப்பாத்தான் போட்டுட்டோம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு வாரம் பொறுத்துக்கடீ. அடுத்த புதன்கெழம எனக்கு நெரந்தரமாக்குற கடிதம் வருது. இப்ப சொன்னா என் பேரும்தான் கெடும்" என்றாள்.

அவள் தற்காலிகமாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கடிதம் வராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அது எனக்குத் தெரியும்.

"ஞாயித்துக்கெழம அடுத்த ஆட்டம் இருக்கு. அதுக்குள்ள அவன எறக்காம வெளிய ஒக்கார வச்சிருவாங்க" என்றேன்.

"அவன் யாரு, நாம யாரு? நம்ம மூஞ்சிகூட அவனுக்குத் தெரியாது."

"தெரியாதுதான். ஆனா செய்யாத தப்புக்கு வெளிய ஒக்காந்தா அது அவனுக்குத் தெரியுமே."

அவள் தன் மேசைக்குப் போய்விட்டாள். நான் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் வீடியோவைப் பார்த்துவிட்டு, "திருத்தம் அனுப்பலாம்மா. ஆனா போட்டவங்க, பாத்தவங்க, ரெண்டு பேரு பேரும் போகும். பரவாயில்லையா?" என்றார்.

"அனுப்புங்கண்ணே" என்றேன். அந்த இரண்டாவது பேருக்காக நான் பதில் சொல்லியிருக்கக் கூடாது. ஆனாலும் சொன்னேன்.

திருத்தம் கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்தது. அடுத்த ஆட்டத்தில் இடது ஓரத்தில் வேறொருவன் நின்றான். அகலமாக எடுத்த ஒரு காட்சியில், தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்கும் எழுபத்தாறைப் பார்த்தேன். எங்கள் மைனஸ்தான் காரணமா, அவர்களே அப்படித் தீர்மானித்தார்களா, எனக்குத் தெரியாது. கேட்கவும் வழியில்லை. மூன்று வாரம் கழித்து, அந்த மாற்று ஆள் முழங்காலில் அடிபட்டபோது இவனை மறுபடி இறக்கினார்கள். இன்றுவரை அவனுக்கு நான்தான் மதிப்பெண் போடுகிறேன். இப்போதெல்லாம் பின்பக்கக் கேமராவைப் பார்க்காமல் யாருக்கும் குறி போடுவதில்லை.

தோழியின் கடிதம் மூன்று மாதம் தள்ளிப் போனது. அந்த மூன்று மாதமும் வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலை விஷயம் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. கடிதம் கிடைத்த மறுவருஷம் அவள் கொழும்பில் வேறு வேலை தேடிக்கொண்டாள். நானுஓயா ஸ்டேஷனுக்கு வழியனுப்ப நானும் போனேன். அவள் வரச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிளாட்பாரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. ரயில் வரும் ஓசை கேட்டபோது அவள், "ஒரு வாரம் பொறுத்திருந்தா என்னடீ?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"அவன ஒக்கார வச்சிருப்பாங்கன்னு..."

"ஒக்காரத்தானே வச்சாங்க?"

அவளுடைய பெரிய பையைத் தூக்கிப் பெட்டிக்குள் ஏற்றிக் கொடுத்தேன். அவள் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டு, "மழ விடட்டும், நனைஞ்சிகிட்டுப் போகாத" என்றாள்.